ஆள் கணக்கா, நிமிஷக் கணக்கா? – ஒரு கூடைப்பந்து விளையாட்டும் கொஞ்சம் சரித்திரமும்

மேனேஜர் கேம் என்று ஒரு ஜாதி உண்டு. துப்பாக்கி கிடையாது, கார் ரேஸ் கிடையாது. ஒரு டீமைக் கையில் கொடுத்துவிடுவார்கள். யாரை வாங்குவது, யாரை விற்பது, யாருக்கு என்ன பயிற்சி, சம்பளத்துக்கு எங்கே போவது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வதுதான் ஆட்டமே. மேட்ச் அது பாட்டுக்கு நடக்கும். நாம் உட்கார்ந்து நகம் கடிக்கலாம். "இதுல என்னடா த்ரில்லு?" என்று என் ரூம்மேட் அடிக்கடி கேட்பான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் சரித்திரம் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் தாத்தாவைப் பற்றி. 1997-ல் ஸ்வீடனில் பியோர்ன் ஹோல்மேர் என்பவர் ஹாட்ரிக் என்ற கால்பந்து மேனேஜர் விளையாட்டை ஆரம்பித்தார். பிரவுசர் இருந்தால் போதும், இன்ஸ்டால் பண்ண எதுவும் இல்லை. இதில் முக்கியமான விஷயம், விளையாட்டுக்குள்ளே ஒரு வாரம் என்றால் வெளியேயும் ஒரு வாரம். அவசரப்பட்டு ஒன்றும் ஆகாது. வாரத்துக்கு ஒரு திறமையைத்தான் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு பையனை வளர்த்து ஆளாக்க நிஜமாகவே மாதக்கணக்கில் ஆகும்.

அந்த வம்சத்தில் கூடைப்பந்துக்கு வந்த வாரிசுதான் 2007-ல் தொடங்கிய பஸ்ஸர்பீட்டர். லீகுக்கு 16 டீம், 8 எட்டாக இரண்டு பிரிவு, சீசனுக்கு 14 வாரம். ஆட்டக்காரனின் திறமையை எண்ணில் சொல்லாமல் வார்த்தையில் சொல்லும் பழக்கமும் ஹாட்ரிக்கில் இருந்ததுதான். 'படுமோசம்' மாதிரி ஒரு வார்த்தையில் ஆரம்பித்து 'லெஜெண்டரி' வரைக்கும் 20 படி. ஆட்டக்காரர் வளரக்கூடிய உயரத்துக்கும் ஒரு எல்லை வைத்திருந்தார்கள். அந்த ஏணியின் அடிப்படியின் பெயர் 'அனௌன்சர்'. அதாவது, தம்பி நீ மைக் பிடிக்கத்தான் லாயக்கு :-)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

இதில் ஒருவனுக்குப் பயிற்சி கிடைக்க வேண்டுமென்றால் அவன் பெயரை லிஸ்டில் டிக் அடித்தால் போதாது. அவன் மேட்ச் ஆட வேண்டும். அதுவும் நீங்கள் பயிற்சிக்கென்று தேர்ந்தெடுத்த அதே இடத்தில், அந்த வாரத்தில் 48 நிமிஷம் ஆட வேண்டும். அப்போதுதான் முழுப் பயிற்சி. வாரத்துக்கு மூன்று மேட்ச், ஒவ்வொன்றும் 48 நிமிஷம். ஆக ஓர் இடத்துக்கு 144 நிமிஷம். அதை 48-ஆல் வகுத்தால் மூன்று பேர். அவ்வளவுதான். நான்காவது பையனுக்கு இலை கிடையாது. இரண்டு இடத்துக்குச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தால் ஆறு பேர் உட்காரலாம், ஆனால் ஆளாளுக்கு வேகம் குறையும். பந்தி பெரிதானால் சாம்பாரில் தண்ணீர் ஏறுகிற கதை.

அடுத்து டீமில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற கேள்வி. களத்தில் 5 பேர், 48 நிமிஷம், மூன்று மேட்ச்: 5 x 48 x 3 = 720 நிமிஷம். ஒரு டீமின் வாரச் சொத்து மொத்தமும் இதுதான். இதை எந்தக் கடையிலும் கூடுதலாக வாங்க முடியாது. ஒருவன் உடம்பு ஃபார்மில் இருக்க வாரத்துக்குச் சுமாராக 60 நிமிஷம் ஆடினால் நல்லது. ரொம்பக் குறைந்தாலும் துரு பிடிக்கும், ரொம்பக் கூடினாலும் களைத்துவிடுவான். 720-ஐ 60-ஆல் வகுத்தால் 12. ஆக பன்னிரண்டு பேர் என்பது யாரோ போட்ட சட்டம் இல்லை, வகுத்தல் கணக்கின் விடை. 18 பேரை வைத்துக்கொண்டால் ஆறு பேர் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குவார்கள், ஃபார்மும் போகும். 9 பேரை வைத்துக்கொண்டால் ஒருவனுக்குக் கால் சுளுக்கினாலே டீம் காலி.

இதுவரைக்கும் எட்டாம் கிளாஸ் கணக்கு. சுவாரசியம் இனிமேல்தான்.

உயரமானவர்கள் கூடைக்கு அடியில் ஆடும் வித்தைகளைச் சீக்கிரம் கற்பார்கள். குள்ளமானவர்கள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது, தூரத்திலிருந்து போடுவது போன்றவற்றைச் சீக்கிரம் கற்பார்கள். ஏழு அடி பையனுக்குப் பாஸிங் சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டால் அவனை பாயிண்ட் கார்ட் இடத்தில் ஆட விட வேண்டும். அவன் பந்தைத் தொலைத்துவிட்டு முழிப்பான். மேட்ச் கையை விட்டுப் போகும். இன்றைக்குத் தோற்றால்தான் அவன் இரண்டு வருஷம் கழித்து முழு ஆட்டக்காரனாவான். லீக் மேட்சில் இதைச் செய்ய யாருக்கும் மனசு வராது. அதனால் வாரத்தின் நடுவில் வரும் நட்பு ஆட்டத்தில்தான் இந்த வேலையெல்லாம் நடக்கும். ஆனால் கோப்பைப் போட்டியில் ஜெயித்துக்கொண்டே போனால் அந்த நடுவார ஆட்டமும் நிஜப் போட்டியாகிவிடும். ஜெயிக்க ஜெயிக்க, பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் இடம் சுருங்கிக்கொண்டே போகும்!

இதை நிரலாளர் மூளையில் உதித்த கற்பனை என்று நினைத்தால் தப்பு. நிஜ என்.பி.ஏ. சரித்திரத்தில் இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. பெயர் ஜெர்மெய்ன் ஓ'நீல்.

1996 டிராஃப்டில் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்த பையனை 17-வது இடத்தில் போர்ட்லண்ட் எடுத்தது. (அதே டிராஃப்டில் 13-வது இடத்தில் போனவர் கோபி பிரையன்ட்.) போர்ட்லண்டின் முதலாளி மைக்ரோசாஃப்டைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பால் ஆலன். பணத்துக்குக் குறைவே இல்லை. ரஷீத் வாலஸ், சபோனிஸ், பிரையன் கிராண்ட், 1999-ல் வந்து சேர்ந்த பிப்பன், ஸ்டீவ் ஸ்மித் என்று பெஞ்சு நிரம்பி வழிந்த டீம் அது. ஓ'நீல் நான்கு வருஷம் அங்கே இருந்தார். 1999-2000 சீசனில் அவருக்குக் கிடைத்தது மேட்சுக்குச் சுமார் 12 நிமிஷம், எடுத்தது 4 புள்ளிக்கும் கொஞ்சம் கீழே.

அந்த சீசனில் போர்ட்லண்ட் வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் ஃபைனல் வரை போனது. 2000 ஜூன் 4, லேக்கர்ஸுடன் ஏழாவது ஆட்டம். கடைசிக் கால்பகுதியில் 15 புள்ளி முன்னிலையில் இருந்துவிட்டு 89-84 என்று தோற்றார்கள். உடனே ஜெயித்தாக வேண்டும் என்ற வெறியில், அதே ஆகஸ்டில் ஓ'நீலை இண்டியானாவுக்குக் கொடுத்துவிட்டு டேல் டேவிஸை வாங்கினார்கள். டேவிஸ் அந்த வருஷம்தான் ஆல்-ஸ்டார் ஆனவர். எல்லோரும் தலையாட்டக்கூடிய முடிவு.

இண்டியானா என்ன மந்திரம் போட்டது? ஒன்றும் இல்லை. மேட்சுக்கு 32 நிமிஷத்துக்கு மேல் ஆட விட்டது. முதல் வருஷமே சராசரி 13 புள்ளியை நெருங்கியது. 2002-ல் லீகிலேயே அதிகம் முன்னேறிய ஆட்டக்காரர் என்ற விருது வாங்கினார். அந்த வருஷம் தொடங்கி 2007 வரை தொடர்ந்து ஆறு முறை ஆல்-ஸ்டார். போர்ட்லண்டோ அடுத்து ஒரு பிளேஆஃப் சுற்றை ஜெயிக்க 2014 வரை காத்திருந்தது. இந்த ஒரு வியாபாரத்தால்தான் அப்படி ஆனது என்று சொல்ல மாட்டேன், பிரச்சினைகள் நிறைய இருந்தன. ஆனால் திறமை அவர்கள் வீட்டுப் பெஞ்சிலேயே நான்கு வருஷம் உட்கார்ந்திருந்தது. அதற்குக் கொடுக்க அவர்களிடம் பணம் இருந்தது, நிமிஷம் இல்லை.

லீகுக்கும் இது புரியாமல் இல்லை. 2001-ல் எட்டு டீம்களோடு டி-லீக் தொடங்கியது. பெஞ்சில் இருப்பவர்கள் போய் ஆடிவிட்டு வர ஒரு களம். நம்ம விளையாட்டின் நடுவார நட்பு ஆட்டம் மாதிரி. 2005-ல் பழைய காயப்பட்டோர் பட்டியலை எடுத்துவிட்டு 15 பேர் டீம் என்று ஆக்கினார்கள். 2017-ல் இரண்டு லீகிலும் மாறி மாறி ஆடும் 'டூ-வே' ஒப்பந்தம் வந்தது. டீமுக்கு 2 இடம், 2023-ல் அது 3 ஆனது. ஆள் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். ஆனால் களத்தில் இன்னும் அதே ஐந்து பேர், அதே 48 நிமிஷம், அதே 240.

ஐடி-யில் இருப்பவர்களுக்கு இதைப் படிக்கும்போது வயிற்றில் லேசாக ஏதோ செய்யும். பெஞ்சு என்ற வார்த்தையை நாமும் அங்கிருந்துதானே எடுத்தோம்? கேம்பஸில் வண்டி வண்டியாக ஆள் எடுத்து, ட்ரெய்னிங் வீடியோ பார்க்கச் சொல்லி உட்கார வைப்பார்கள். ஆறு மாதம் கழித்து "ப்ராஜெக்ட் அனுபவம் இல்லையே" என்பார்கள். ஆட விட்டால்தானே சார் அனுபவம் வரும்? டெட்லைன் நெருங்கும்போது எந்த மேனேஜரும் புது ஆளிடம் முக்கியமான மாட்யூலைக் கொடுக்க மாட்டார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அவருக்கு அது லீக் மேட்ச். ஆனால் எல்லா வாரமும் லீக் மேட்ச் என்றால் அந்தப் பையன் எங்கேதான் கற்பான்?

ரூம்மேட்டுக்கு நான் சொன்னது இதைத்தான். இந்த விளையாட்டில் ஆளைச் சேர்ப்பது சுலபம், ஏலத்தில் காசு போட்டால் வந்துவிடுவான். அவனுக்கு வாரம் 48 நிமிஷம் யாரிடமிருந்து பிடுங்கிக் கொடுக்கப் போகிறோம் என்பதில்தான் த்ரில்லே இருக்கிறது. கொடுக்க நிமிஷம் இல்லையென்றால் அவனை விற்றுவிடுவது நமக்கும் நல்லது, அவனுக்கும் நல்லது. இண்டியானா மாதிரி எங்கேயாவது போய் ஆடட்டும்.

அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, எனக்கு ஒரு டீம் போட்டுக் குடு" என்றான்.