பின்தொடுப்பு

பெயர்ச்சொல். ஒரு வலைத்தளத்துக்குப் பிற தளங்கள் தரும் இணைப்பு, பேக்லிங்க். பூத்தொடுப்பதில் உள்ள ‘தொடு’தான் இதன் வேர். சிலர் ‘பின்னிணைப்பு’ என்கிறார்கள். நூலின் இறுதியில் வருவதற்கு ஏற்கெனவே அந்தப் பெயர் இருப்பதால் குழப்பமே மிஞ்சும்.

இதன் பின்னுள்ள கருத்து ஆய்வுலகில் பிறந்தது. எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார் என்று 1960களில் யூஜின் கார்ஃபீல்டு அட்டவணையிட்டார். 1998-இல் கூகுள் நிறுவனர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும் அதை இணையத்துக்குப் பொருத்தி ‘பேஜ்ரேங்க்’ என்றார்கள். எத்தனை பேர் சுட்டுகிறார்கள் என்பதோடு, சுட்டுபவரின் தகுதியும் கணக்கில் வந்தது. இந்தச் சொல்லின் உயிர் அதில்தான் இருக்கிறது.

ஆர்.கே.புரத்தில் உள்ள தில்லித் தமிழ்ச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பல்கலைக்கழகத் தமிழ்த்துறை, தலைநகரத் தமிழர் பற்றிய கட்டுரைக்குள் பொருத்தமான இடத்தில் சங்கத்தின் தளத்தைச் சுட்டினால், அது தரமான பின்தொடுப்பு. சம்பந்தமே இல்லாத ஆயிரம் தளங்களின் அடிப்பகுதியில் காசுக்கு வாங்கியவை பயன்படா; கெடுக்கவும் கூடும். 2012-இல் கூகுள் கொண்டுவந்த ‘பெங்குவின்’ மாற்றம் அப்படி இணைப்பு வாங்கிய தளங்களைத் தரவரிசையில் கீழே தள்ளியது. சிறிய தமிழ் அமைப்புகள் இந்த வியாபாரத்தில் பணத்தை இழக்கக் கூடாது.

தொடர்புடைய சொற்கள்: நோஃபாலோ (2005), ஸ்பான்சர்ட் (2019). இரண்டும் ‘இதைப் பரிந்துரையாகக் கொள்ளாதே’ என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிகள்.