திண்டிவனத்து இரவில் இல்லாத இரண்டாவது ஆள்

1890களின் தொடக்கத்தில் திண்டிவனம் மிஷன் பங்களாவில் ஓர் இரவு நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சியை, பெண் மருத்துவர் இல்லாத குறையின் கதையாகவே நம் மருத்துவ வரலாற்று எழுத்து வாசித்து வந்திருக்கிறது. மூன்று கணவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவியரைக் காக்க ஐடா ஸ்கடரை அழைக்கிறார்கள். மருத்துவரான தந்தை ஜான் ஸ்கடர் வர முன்வந்தும், ஆண் என்பதால் மறுத்துத் திரும்புகிறார்கள். விடிந்ததும் மூன்று சாவுச் செய்திகள் வருகின்றன. ஐடா அமெரிக்கா சென்று 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றதும் வேலூரில் மருத்துவமனை எழுந்ததும் அதன் விளைவுகள் என்பது வழக்கமான முடிவு. இந்த வாசிப்பைப் பிழை என்று சொல்ல மாட்டேன். அது பாதியில் நின்றுவிட்டது. அன்றிரவு மருத்துவர் இல்லாதது மட்டும் குறையன்று. மருந்தைக் கையாளப் பயின்ற இரண்டாவது ஆளும் அங்கே இல்லை என்பதே என் துணிபு.

மூலத்தை நெருங்கிப் பார்ப்போம். ஐடா பின்னாளில் தாமே சொன்னதும், டோரத்தி கிளார்க் வில்சன் 1959இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றின் வழியே உலகெங்கும் பரவியதுமான கதை இது. ஒரே இரவு, மூன்று வாசல் தட்டல்கள், மூன்று மறுப்புகள் என்ற அமைப்பில் நாட்டார் கதையின் சாயல் இருப்பதை மறுக்க முடியாது. அதைக் காட்டி முழுவதையும் புனைவென்று தள்ளுவோரும் உண்டு. அவர்களுக்கு விடை சொல்ல இங்கே அதிக இடம் தேவையில்லை. சொன்ன முறை மெருகேறியதால் நடந்தது நடக்காததாகிவிடாது.

நான் கவனிப்பது வேறு இரண்டு செய்திகளை. முதலாவது, அந்தப் பெண்கள் எதனால் இறந்தார்கள் என்பதைக் கதை சொல்வதில்லை. இரத்தப்போக்கா, வலிப்பா, குழந்தை குறுக்கே கிடந்ததா? 'பிரசவச் சிக்கல்' என்பதோடு அது நின்றுவிடுகிறது. யார் மறுத்தார், ஏன் மறுத்தார் என்பதிலேயே அதன் கண் இருக்கிறது. இரண்டாவது, வந்த கணவர்கள் தேடியது பட்டம் பெற்றவரை அன்று. தனக்கு வைத்தியம் தெரியாது, தந்தைதான் டாக்டர் என்று ஐடா சொன்ன பிறகும் அவர்கள் பெண்ணையே கேட்கிறார்கள். வீட்டின் உள்ளறைக் கதவு திறக்க ஒரு பெண் போதும். திறந்த கதவுக்குள் உயிரைக் காக்க மருந்தறிவு வேண்டும். தந்தை திண்ணையில் அமர்ந்து கேள்வி கேட்க, பயிற்சி பெற்ற ஒருத்தி உள்ளிருந்து நாடியும் இரத்தப்போக்கும் பார்த்துச் சொல்லியிருந்தால்? இது ஊகந்தான். ஆனால் கதையே இடங்கொடுக்கும் ஊகம்.

அன்றைய மருந்துப் பெட்டியில் என்ன இருந்திருக்க முடியும்? மயக்க மருந்தான குளோரோஃபார்ம் 1847 முதல் பிரசவத்தில் பயன்பட்டு வந்தது. எர்காட், அபின், கார்பாலிக் அமிலம் எல்லாம் வழக்கில் இருந்தன. கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசின் கிடைக்க அடுத்த நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. இருந்த மருந்துகளும் எளியவை அல்ல. எர்காட்டைக் குழந்தை பிறந்த பின் கொடுத்தால் கருப்பை இறுகி இரத்தம் நிற்கும். பிறக்குமுன் கொடுத்தால் கருப்பை கிழியலாம், குழந்தை மூச்சடைத்துச் சாகலாம். மருந்தின் பெயரை அறிவதைவிட வேளையை அறிவது பெரிது.

குளோரோஃபார்ம் இன்னும் கடினமானது. 1888இலும் 1889இலும் ஹைதராபாத்தில் மருத்துவர் எட்வர்ட் லாரி முன்னின்று நடத்திய ஆணையங்கள், அது மூச்சை நிறுத்தியே கொல்கிறது, மூச்சைக் கவனித்தால் போதும் என்றன. இதயத்தையே அது முதலில் தாக்குகிறது, நாடியை விடக்கூடாது என்றது எதிர்த்தரப்பு. 1911இல் குட்மன் லெவி, அரைகுறை மயக்க நிலையில் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடுவதைச் சோதனையில் காட்டினார். இந்த வழக்கில் யார் வென்றார் என்பதிலேயே ஆய்வாளர் கவனம் செலுத்துகின்றனர். இரு தரப்பும் பேசாமலே ஒப்புக்கொண்ட ஒன்று உண்டு: அறுவை செய்பவர் தவிர, வேறு எதையும் தொடாமல் நோயாளியையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் வேண்டும். பெண் மருத்துவர் ஒருவர் மட்டும் அன்றிரவு திண்டிவனத்தில் இருந்திருந்தாலும், ஆயுதத்தைப் பிடிப்பாரா, குளோரோஃபார்ம் சொட்டுகளை எண்ணுவாரா?

வேலூரின் கால வரிசை இதற்குத் துணை நிற்கிறது. 1900இல் பணி தொடங்கிய ஐடாவுக்கு முதலில் கைகொடுத்தவர் வீட்டுப் பணியாளர் குடும்பத்துப் பெண் சலோமி. 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை வந்தது. அடுத்து ஐடா தொடங்கியது செவிலியர் பள்ளி, 1909இல். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஒன்பது ஆண்டு கழித்து 1918இல்தான் வந்தது. செவிலியர் பள்ளி தொடங்க எளிது, அதனால் முந்தியது என்பார்கள். இருக்கலாம். தனியாக நின்று அறுவை செய்து பார்த்தவருக்கு எது முதலில் தேவைப்பட்டது என்பதையும் அந்த வரிசை காட்டுகிறது என்றே கொள்கிறேன்.

தமிழில் அறிவு இல்லை என்ற சாக்கும் நிற்காது. ஐடாவின் பாட்டனார் ஊழியம் செய்திருந்த அதே யாழ்ப்பாணத்தில், மானிப்பாய் மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன் 1857லேயே 'பிரசவ வைத்தியம்' நூலைத் தமிழில் தந்திருந்தார். நூல் இருந்தது, அதைக் கையில் பழக்கிய பெண்கள்தான் போதவில்லை.

இன்று இந்தியாவில் மயக்க மருந்து கொடுப்பது மருத்துவர் பொறுப்பு, செவிலியரை இதில் இழுப்பானேன் என்ற மறுப்பு எழலாம். கொடுப்பது வேறு, காப்பது வேறு. திண்டிவனம் அடங்கிய விழுப்புரம் மாவட்டத்தில் இன்று சிசேரியனுக்குப் போகும் பெண்ணுக்குப் பெரும்பாலும் முதுகில் ஊசி. டிரேயில் அதற்கான மரப்பு மருந்தான ஹெவி பியூபிவகைன் ஆம்பூல். இரத்தப்போக்கை நிறுத்த டிரானெக்ஸாமிக் அமில ஆம்பூல். இரண்டும் கண்ணாடிக்குள் நிறமற்ற நீர். முதலாவது தண்டுவட நீருக்குள் போக வேண்டியது, இரண்டாவது சிரையில் ஏற வேண்டியது. இடம் மாறி இரண்டாவது முதுகுக்குள் போய்விட்டால் வலிப்பும் மரணமும் நேர்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2022இல் இதற்கென்றே எச்சரிக்கை விடுத்தது. ஊசி போடுபவர் கையை நீட்டுமுன் இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைத்து, லேபிளை வாய்விட்டுப் படிப்பவர் ஸ்டாஃப் நர்ஸ். ஆக்ஸிடோசினைக் குளிர்பெட்டியில் வைத்துக் காப்பவரும் அவர்தான். இரத்தப்போக்கை நிறுத்தும் மருந்துகளில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவருக்கு மெத்தில் எர்கோமெட்ரினும், ஆஸ்துமா உள்ளவருக்குக் கார்போப்ரோஸ்டும் கூடாது என்று தியேட்டரில் நினைவூட்ட வேண்டியவரும் அவரே. எர்காட்டின் வேளையறிந்த அந்தப் பழைய அறிவின் இன்றைய வடிவம் இது.

அதே மாவட்டத்து முண்டியம்பாக்கத்தில் 2010இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தபோது, திண்டிவனத்து இரவுக்கு அந்த மண்ணிலேயே விடை கிடைத்துவிட்டதாக எண்ணத் தோன்றும். மருத்துவர்களை எண்ணினால் அப்படித்தான். அந்த இரவு கேட்ட ஆளை எண்ண வேண்டுமானால், டிரேயின் பக்கத்தில் நிற்பவரிடமிருந்து தொடங்க வேண்டும். வேலூர் வரலாற்றை எழுதுவோர் இனி 1918க்கு முன் 1909ஐ எழுதட்டும்.