தாவரச் சாறுகளின் இரைப்பைப்புண் தடுப்புச் சோதனை

தாவரச் சாறுகளின் இரைப்பைப்புண் தடுப்புச் சோதனை என்பது, ஒரு தாவரத்தின் இலை, காய், பட்டை அல்லது வேரிலிருந்து பெறப்படும் சாறு இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாகாமல் காக்கின்றதா என்பதை அளந்து அறியும் மருந்தியல் ஆய்வு முறை ஆகும். மணத்தக்காளி, வேம்பு, அதிமதுரம், மிளகாய் முதலிய பல தாவரங்கள் இவ்வாறு ஆராயப்பட்டுள்ளன.

பின்னணி

இரைப்பை, உணவைச் செரிப்பதற்காக ஐதரோகுளோரிக் அமிலத்தையும் பெப்சின் என்னும் நொதியையும் சுரக்கின்றது. சளிப்படலம், பைகார்பனேட்டு, உட்சுவரின் குருதி ஓட்டம் ஆகியவை இரைப்பையை அதன் அமிலத்திலிருந்தே காக்கின்றன. இக்காப்பு குலையும்பொழுது புண் தோன்றுகின்றது. பெரும்பாலான புண்களுக்கு, 1982 இல் பாரி மார்சல், இராபின் வாரன் ஆகியோர் கண்டறிந்த எலிக்கோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவும், ஆசுப்பிரின் போன்ற வலிநீக்கி மாத்திரைகளுமே காரணம். இக்கண்டுபிடிப்புக்காக இருவரும் 2005 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர்.

சோதனை முறை

தாவரப் பகுதி நிழலில் உலர்த்திப் பொடியாக்கப்பட்டு, நீர், எத்தனால் அல்லது மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டப்படுகின்றது. கரைப்பானை ஆவியாக்கிய பின் எஞ்சுவதே சாறு. பட்டினியிடப்பட்ட எலிகளுக்கு முதலில் சாறும், சிறிது நேரம் கழித்துப் புண் உண்டாக்கும் பொருளும் கொடுக்கப்படும். ஒரு குழுவுக்குச் சாறு தரப்படுவதில்லை. மற்றொரு குழுவுக்கு ஒமிப்பிரசோல் போன்ற அறியப்பட்ட மருந்து ஒப்பீட்டுக்காகத் தரப்படும். புண் உண்டாக்கப் பயன்படும் முறைகளுள் முதன்மையானவை வருமாறு:

* எத்தனால் முறை: சாராயம் உட்சுவரை நேரடியாகச் சிதைக்கின்றது. புரோசுட்டாகிளாண்டின்கள் இதிலிருந்து எலியின் இரைப்பையைக் காப்பதை ஆந்திரே இராபர்ட் 1979 இல் காட்டினார்.
* இண்டோமெத்தசின் முறை: வலிநீக்கி மருந்தால் புண் உண்டாக்கப்படுகின்றது.
* இரைப்பை வாய் கட்டும் முறை: இரைப்பையின் கீழ்வாய் கட்டப்பட்டு, தேங்கும் அமிலம் அளக்கப்படுகின்றது. 1945 இல் சே என்பவரும் அவர்தம் குழுவினரும் இதனை அறிமுகப்படுத்தினர்.
* குளிர் அழுத்த முறை: எலி அசையாதவாறு குளிரில் வைக்கப்படுகின்றது.

இறுதியில் புண்களின் எண்ணிக்கையும் நீளமும் கணக்கிடப்பட்டுப் புண் குறியீடு பெறப்படும். எடுத்துக்காட்டாக, சாறு பெறாத குழுவின் குறியீடு 20 ஆகவும், பெற்ற குழுவின் குறியீடு 5 ஆகவும் இருப்பின், காப்பு விழுக்காடு (20 - 5) ÷ 20 × 100 = 75 ஆகும்.

ஆய்வு முடிவுகள்

மணத்தக்காளி: மிளகுத் தக்காளி எனவும் அழைக்கப்படும் இது வாய்ப்புண்ணுக்கும் வயிற்றுப்புண்ணுக்கும் தமிழர் வீடுகளில் வழங்கிவரும் கைமருந்து. சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையினர் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், இதன் பழச்சாறு குளிர் அழுத்தப் புண்ணை 76.6%, இண்டோமெத்தசின் புண்ணை 73.8%, எத்தனால் புண்ணை 70.6% தடுத்தது. அமிலத்தை வெளியேற்றும் நொதியின் செயற்பாடும் குறைந்தது.

வேம்பு: கொல்கத்தாவிலுள்ள இந்திய வேதி உயிரியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2004 இல் வேப்பம்பட்டைச் சாற்றின் விளைவை மனிதரிடம் ஆராய்ந்து வெளியிட்டனர். நாளுக்கு இருமுறை 30 மில்லிகிராம் வீதம் 10 நாட்கள் கொடுத்தபொழுது அமிலச் சுரப்பு 77% குறைந்தது. எனினும், பங்கேற்ற நோயாளர்களின் எண்ணிக்கை சிறியதே.

மிளகாய்: இராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதி வட்டாரத்தில் மிளகாய் முக்கிய மானாவாரிப் பயிர். உருண்டையான, தடித்த தோலுடைய இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023 இல் புவிசார் குறியீடு பெற்றது. மிளகாயே வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் என்று பரவலாக நம்பப்படுகின்றது. ஆனால் சிங்கப்பூரில் 18 நலமான தன்னார்வலர்களிடம் நடத்தப்பட்டு 1995 இல் வெளியான ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. ஒருமுறை 20 கிராம் மிளகாயை நீருடனும், மற்றொருமுறை நீரை மட்டும் அருந்திய அவர்கள், அரை மணி நேரம் கழித்து 600 மில்லிகிராம் ஆசுப்பிரின் உட்கொண்டனர். உள்நோக்கி வழியே பார்த்தபொழுது, காயத்தின் இடைநிலை மதிப்பெண் நீர் மட்டும் அருந்தியபொழுது 4 ஆகவும், மிளகாய் உட்கொண்டபொழுது 1.5 ஆகவும் இருந்தது. மிளகாயிலுள்ள காப்சைசின் உணர்வு நரம்புகளைத் தூண்டி உட்சுவரின் குருதி ஓட்டத்தைக் கூட்டுவதே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகின்றது. இம்முடிவு முண்டு வகைக்கெனத் தனியே பெறப்பட்டது அன்று. ஏற்கனவே உள்ள புண்ணை மிளகாய் ஆற்றும் என்றும் இது காட்டவில்லை.

அதிமதுரம்: 1940களில் நெதர்லாந்து மருத்துவர் இரெவர்சு இதன் சாற்றைப் புண் நோயாளர்களுக்குக் கொடுத்து ஆராய்ந்தார். அதன் வேதிப்பொருளிலிருந்து உருவாக்கப்பட்ட கார்பெனாக்சலோன் 1960களில் பிரித்தானியாவில் மருந்தாகப் பயன்பட்டது. புண் ஆறிய போதிலும், பலருக்கு உடலில் நீர் தேங்குதல், உயர் குருதி அழுத்தம், பொட்டாசியக் குறைவு ஆகியவை ஏற்பட்டன. இயற்கைப் பொருளுக்கும் பக்க விளைவு உண்டு என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

வரையறைகள்

இம்முடிவுகளைப் படிக்கும்பொழுது மூன்று வேறுபாடுகளை மனத்திற் கொள்ள வேண்டும். முதலாவதாக, பெரும்பாலான சோதனைகளில் சாறு புண் உண்டாவதற்கு முன்னரே கொடுக்கப்படுகின்றது. எனவே அவை தடுக்கும் ஆற்றலையே காட்டுகின்றன, ஆற்றும் ஆற்றலை அன்று. இரண்டாவதாக, சாராயத்தால் சில மணி நேரத்தில் எலிக்கு ஏற்படும் காயமும், பாக்டீரியாவால் மனிதருக்கு ஏற்படும் நாட்பட்ட புண்ணும் ஒன்றல்ல. மூன்றாவதாக, எலியின் எடைக்கேற்ற அளவில் தரப்பட்ட செறிந்த சாறும், வீட்டில் சமைக்கும் கீரையும் ஒன்றல்ல.

எலிக்கோபாக்டர் பைலோரியால் உண்டான புண் நுண்ணுயிர்க்கொல்லிகளாலும் அமிலக் குறைப்பு மருந்தாலும் பெரும்பாலும் முற்றாகக் குணமாகின்றது. கைமருந்தை மட்டும் நம்பிக் காலம் தாழ்த்தினால், புண்ணில் குருதி கசியலாம் அல்லது இரைப்பையில் துளை விழலாம். கறுப்பு நிற மலம், குருதி வாந்தி, காரணமின்றி உடல் மெலிதல், திடீரெனத் தோன்றும் கடும் வயிற்றுவலி ஆகியவை உடனே மருத்துவரை அணுக வேண்டிய அறிகுறிகள் ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

* மணத்தக்காளி
* வேம்பு
* அதிமதுரம்
* கமுதி