முந்திய நாளின் மதிப்பு

பெங்களூரின் வடமேற்கில், துமகூரு சாலையை ஒட்டிப் பரந்து கிடக்கும் பீன்யாவைக் கன்னட நாட்டுத் தமிழ் நேயர்களுக்கு நாம் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1975ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் விண்ணேறிய ஆரியபட்டா என்னும் இந்தியாவின் முதற் செயற்கைக்கோள், இங்கிருந்த தொழிற்கொட்டகைகளிலேதான் உருவாயிற்று. இன்றும் லேத்து எந்திரங்களின் ஓசை ஓயாத சிறு பட்டறைகள் இங்கு மிகுதி. அப்பட்டறை ஒன்றின் உரிமையாளர், எந்திர உறுப்பு ஒன்றை இதுவரை எவரும் செய்யாத முறையில் அமைத்துவிட்டார் எனக் கொள்வோம். அப்புதுமை அவருக்கே உரியது என்பதை எது நிலைநாட்டும்? அவருடைய கைத்திறன் மட்டும் அன்று; ஒரு விண்ணப்பமும் அதில் பதிந்த தேதியுமே ஆகும்.

இம்முறை நம் நாட்டிற்கு வந்த வரலாறு சுவையானது. 1856ஆம் ஆண்டு பிப்ரவரியில், புதுப்புனைவோருக்கு 14 ஆண்டுகள் தனியுரிமை வழங்கும் சட்டம் இயற்றப்பட்டது. சில நாட்களுக்குள்ளாகவே, மார்ச் 3ஆம் நாள், கல்கத்தாவில் வாழ்ந்த ஜார்ஜ் ஆல்பிரட் டி பென்னிங் என்ற பொறியாளர், பங்கா இழுக்கும் எந்திரம் ஒன்றிற்கு உரிமை வேண்டி அரசுக்கு மனுச் செய்தார். விவரணத்தையும் வரைபடங்களையும் அவர் செப்டம்பர் 2ஆம் நாளே அளித்தார். முதலில் மனு, பின்னர் முழு விவரம் என்னும் வரிசையை நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

பிறர் விண்ணப்பங்களை ஆராய வந்த அச்சட்டமே, முறைப்படி பெறவேண்டிய ஒப்புதலைப் பெறாமற் பிறந்தது! பிரிட்டிஷ் அரசியாரின் இசைவு பெறவில்லை என்பதால் 1857இல் அது நீக்கப்பட்டு, 1859இல் திருத்தங்களுடன் மீண்டும் இயற்றப்பட்டது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் இப்பணியைக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரிடம் ஒப்படைத்தது.

விடுதலைக்குப் பின், இச்சட்டம் நம் மக்களுக்குப் பயன்படுகிறதா என்று ஆராயும் பொறுப்பு, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாயிருந்த என். ராஜகோபால ஐயங்காரிடம் 1957இல் அளிக்கப்பட்டது. இந்தியக் காப்புரிமைகளுள் பெரும்பாலானவை அயல்நாட்டார் கையில் இருந்தமையை, 1959இல் அளித்த அறிக்கையில் அவர் எடுத்துக்காட்டினார். அதன் அடிப்படையில் எழுந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம் 1972 ஏப்ரல் 20இல் நடைமுறைக்கு வந்தது. பலமுறை திருத்தப்பெற்று, இன்றும் அதுவே ஆட்சி செய்கிறது.

இனி, நம் பீன்யா நண்பரிடம் திரும்புவோம். அவருடைய விண்ணப்பம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்திற்கே உரியது. கர்நாடகமும் அதன் எல்லைக்குட்பட்டது. அலுவலகம் கிண்டியில் உள்ளது. எனினும், இணையவழியே விண்ணப்பிக்கலாம் என்பதால் பயணம் தேவையில்லை. விண்ணப்பம் பெறும் எண்ணில் முதல் நான்கு இலக்கங்கள் ஆண்டையும், ஐந்தாவதாகிய 4 சென்னையையும் குறிக்கும்.

ஆய்வு முற்றுப்பெறாவிடினும், தற்காலிக விவரணம் ஒன்றை அளித்து நாளைக் காத்துக்கொள்ளலாம். முழு விவரணத்தைப் 12 மாதங்களுக்குள் அளித்தல் வேண்டும். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே கருதப்படும். விண்ணப்பம் பொதுவாக 18 மாதங்களுக்குப் பின் வெளியிடப்படும். ஆராயுமாறு தனியே வேண்டுகோள் விடுத்தாலன்றி ஆய்வு தொடங்காது. அதற்குரிய காலம், 2024 மார்ச் முதல் பதிவான விண்ணப்பங்களுக்கு 31 மாதங்கள். உரிமை கிட்டினால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் நிற்கும். புதுப்பிப்புக் கட்டணத்தை மட்டும் தவறாது செலுத்தி வரவேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. விண்ணப்பிக்குமுன் பொருளை விற்றாலோ, பலரறியக் காட்டினாலோ, புதுமை என்னும் தகுதியே பொதுவாகப் போய்விடும். அண்டைப் பட்டறையாரிடம் பெருமையாகக் காட்ட விரும்புவது இயல்பு. அப்பெருமையைச் சில நாள் அடக்குதல் நலம். மற்றொன்று மொழியைப் பற்றியது. ஆவணங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ அமைய வேண்டும். ஆகவே, அறிந்ததையெல்லாம் முதலில் தமிழில் ஒன்றுவிடாமல் எழுதிவைத்து, பின்னர்ப் பெயர்ப்பித்தல் நன்று. முழு விவரணத்தில் விடுபட்ட புதுச் செய்தியைத் திருத்தத்தின் பெயரால் சேர்க்கச் சட்டம் இடந்தராது.

டி பென்னிங்கின் பங்கா எந்திரம் இன்று எவருக்கும் தேவையில்லை. ஆயினும், அவர் மனுச் செய்த மார்ச் 3ஆம் நாள் வரலாற்றில் நிலைத்துவிட்டது. பீன்யாவில் உழைக்கும் நம்மவரும், கையால் செய்ததைக் காலத்தே எழுதிப் பதிவு செய்துகொள்வார்களாக.