தோடர்களின் புல்வெளி

மாதுங்கா கடைத்தெருவில் 'நீலகிரி' என்று கேட்டால் கடைக்காரர் தைலக் குப்பியை எடுத்துத் தருவார். மராத்தியர் நாவில் நீலகிரி என்பது மலையின் பெயர் மட்டுமன்று. யூகலிப்டஸ் மரத்துக்கும் அதுவே பெயர். தமிழ்நாட்டு மலையொன்று இவ்வாறு மரமாகி மும்பை வரை வந்து சேர்ந்தது நமக்குப் பெருமையாகத் தோன்றலாம். ஆனால் அம்மரம் நீலகிரியில் பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொணர்ந்து நட்டது. நட்ட இடங்களில் பல, அதற்கு முன்னர் தோடர் என்னும் மலைமக்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகள். அப்புல்வெளிகள் எவ்வாறு கைமாறின என்பதே இங்கே நாம் காணவிருக்கும் வரலாறு.

தோடர்கள் எக்காலத்தும் சிறு தொகையினரே. 1901-ஆம் ஆண்டின் குடிமதிப்பில் அவர்கள் சுமார் 800 பேர். அவர்கள் ஏர் பிடித்தவர்களல்லர். எருமையே அவர்கள் செல்வம், பால்மனையே அவர்கள் கோயில். மந்து எனப்படும் சிற்றூர்களில் வாழ்ந்து, கோடையில் புல் காய்ந்ததும் குந்தா மலைப்பக்கம் மந்தைகளை ஓட்டிச் செல்வர். அண்டையிலிருந்த படகர்கள் ஆண்டுதோறும் அவர்களுக்குத் தானியம் அளந்தனர். கோத்தர்கள் இரும்புக் கருவியும் மட்பாண்டமும் கொடுத்தனர். படகர் அளந்த தானியம் நிலத்துக்கான வாரமா, அன்றி விரும்பிக் கொடுத்த கொடையா? மலைமீது எவரும் கேட்டறியாத இக்கேள்வி, வெள்ளையர் வந்தபின் பெருவழக்காயிற்று.

கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு வந்தார். உதகமண்டலத்தில் அவர் தோடர்களிடமிருந்து ஏக்கருக்கு ஒரு ரூபாய் வீதம் நிலம் வாங்கினார். விலை அற்பந்தான்; எனினும் விலை கொடுப்பவன் எதிரே நிற்பவனை உடையவன் என்று ஒப்புக்கொள்கிறான் அல்லவா? மலை நிலம் தோடர்க்கே உரியது, படகர் அளப்பது நிலவாரமே என்று சல்லிவன் வாதித்தார். அவரே அங்கே நிலம் தேடிக்கொண்டவர் ஆதலால், அவர் வாதத்தில் தன்னலமும் கலந்திருந்தது என்று மாற்றார் கூறியதை முற்றிலும் தள்ளிவிட இயலாது. 1827 முதல் 1832 வரை சென்னைக் கவர்னராயிருந்த லஷிங்டன் இதற்கு நேர்மாறான கருத்துடையவர். மலை சர்க்காருடையது என்பது அவர் துணிபு.

ஆண்டுக்கணக்காகக் கடிதங்கள் கடல் கடந்தன. முடிவில் 1843-இல், லண்டனிலிருந்த கும்பினியின் டைரக்டர்கள் சபையார் தீர்ப்புச் சொன்னார்கள். தோடர்களுக்கு நிலத்தின்மீது உடைமை இல்லை; வழக்கத்தால் வந்த மேய்ச்சல் உரிமை மட்டுமே உண்டு; அதற்கும் சிறிது வரி செலுத்த வேண்டும். நீலகிரியை ஒருமுறையும் கண்டிராதவர்கள் எழுதிய இந்தச் சில வரிகளில் நிலத்துக்குரியவன் புல்லுக்குரியவன் ஆனான். பின்னர் வந்த விதிகள் யாவும் இவ்வொரு சொல்மாற்றத்தின் மீதே கட்டப்பட்டன என்பது என் கருத்து.

1863-இல் மந்து ஒன்றுக்கு 45 ஏக்கர் என்று அளந்து ஒதுக்கினார்கள். ஒரு மனிதனுக்கு 45 ஏக்கர் பெரிதாகத் தோன்றும். ஒரு மந்தைக்கு, அதிலும் பருவந்தோறும் இடம் மாறி மேயும் மலை எருமைகளின் மந்தைக்கு, அது மதியத்துக்கும் காணாது. எஞ்சிய புல்வெளியில் மேய்ப்பதற்கு இனிச் சர்க்காரின் இசைவு வேண்டும். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம், காப்புக் காடுகளுக்கு வெளியே உள்ள நிலங்களிலும் மேய்ச்சலை ஒழுங்குபடுத்தவும் கட்டணம் விதிக்கவும் சர்க்காருக்கு அதிகாரம் தந்தது. 1893-இல், தோடர்களின் பட்டா நிலங்களையே அச்சட்டத்தின்கீழ் எழுந்த விதிகளுக்குள் கொண்டுவந்தார்கள். பட்டா தோடர் பெயரில் இருந்தது. ஆயின் அவர் அதனை விற்கலாகாது, எண்ணியவாறு திருத்திப் பயிரிடலாகாது.

இங்கே நேயர்கள் ஒன்றைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். அவ்விதியை வெறும் கொடுமை என்று சொல்லிவிட எனக்கு மனமில்லை. உதகமண்டலம் கோடை நகரமாய் வளர்ந்த காலம் அது. தேயிலைத் தோட்டக்காரரும், வீடு கட்டுவோரும், உருளைக்கிழங்கு பயிரிடுவோரும் நிலம் தேடி அலைந்தனர். விற்கத் தடை இல்லாதிருந்தால், மந்துகளைச் சுற்றிய நிலத்தில் எவ்வளவு தோடர் கையில் எஞ்சியிருக்கும்? உடையவனை மைனர்ப் பிள்ளையாக்கிய அந்த விதியே அவன் சொத்தைக் காத்தும் வைத்தது. இந்த முரண்பாட்டை மறைத்து இவ்வரலாற்றை எழுத முடியாது.

புல்வெளியை எவரும் காக்கவில்லை. புல்வெளி என்றால் வெற்று நிலம் என்பது அக்காலத்து அதிகாரிகளின் எண்ணம். விறகுக்கு யூகலிப்டஸும் சீகை மரமும் நட்டார்கள். காய்ந்த புல்லைத் தீயிட்டுப் புதுத் துளிர் வரச்செய்யும் தோடர் வழக்கத்தை வனத்துறை தடுத்தது. சுதந்திரத்துக்குப் பின்னும் இப்போக்கு நிற்கவில்லை. மரக்கூழுக்கும் தோல் பதனிடும் பட்டைக்குமாகத் தோட்டங்கள் மேலும் பரந்தன. குந்தா மின்திட்டத்தின் நீர்த்தேக்கங்களும் புல்வெளிகளை மூழ்கடித்தன.

பம்பாய் ராஜதானியின் கதையும் வேறன்று. 1878-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்துக்குப் பின், ஏழைக் குடியானவனின் ஆடுமாடுகளுக்குக் குன்றும் பள்ளத்தாக்கும் அடைக்கப்பட்டதை மகாத்மா ஜோதிராவ் புலே 1883-இல் எழுதிய 'ஷேத்கர்யாசா அசூட்' என்னும் நூலில் சினந்து பேசுகிறார். தாராவியிலும் செம்பூரிலும் முந்திய தலைமுறையினர் வரிசையில் நின்று வாங்கிய ஆரேப் பாலை நினைத்துப் பாருங்கள். நகருக்குள் இருந்த எருமைத் தொழுவங்களை அப்புறப்படுத்துவதற்காக 1949-இல் கோரேகாவ் அருகே ஆரே குடியிருப்பு அமைந்தது. தொழுவக்காரர்களுக்கு லைசென்ஸ் கிடைத்தது. அதற்கு முன்பே அங்கே வாழ்ந்த வார்லிப் பழங்குடியினரோ தங்கள் பாடாக்களின் நிலத்துக்கு உரிமை கேட்டு நெடுங்காலம் நிற்க நேர்ந்தது.

நீலகிரியில் முக்குருத்திச் சிகரம் தோடர்களுக்குப் புனிதமானது. இறந்தவர் மறுவுலகுக்குச் செல்லும் வழி அதுவே என்பர். அதனைச் சூழ்ந்த மலைப்பகுதி 1990-இல் தேசியப் பூங்காவாயிற்று. தேசியப் பூங்காவினுள் கால்நடை மேய்ச்சலுக்குச் சட்டம் இடந்தரவில்லை. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடுத்து, பின்னர் அத்தடையைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவில் நிறுத்தியது. மறுபுறம், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலைச் சலுகை என்றோ அனுமதி என்றோ கூறாமல், உரிமைகளின் வரிசையிலேயே வைத்திருக்கிறது. அவ்வுரிமையை முதலில் கோரவேண்டிய இடம் கலெக்டர் கச்சேரியன்று, கிராம சபை.