கணப்பும் அடுப்பும்



பதுளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில் கடைசிக்கு முந்திய நிலையம் ஹாலிஎல. அப்பாதை பதுளையை எட்டியது 1924 ஆம் ஆண்டில். இங்கே மேலை நாடுகளைப் போல் வெண்பனி பெய்து நிலம் உறைவதில்லை. எனினும், ஐப்பசியில் தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவக்காற்று கொணரும் மழையும், அதன் பின்னே இறங்கும் மூடுபனியும், நாள் முழுதும் நனைந்து கொழுந்து பறித்தவரின் எலும்பை ஊடுருவும். பண்டாரவளை, அப்புத்தளை என மேலே ஏற ஏறக் குளிரும் ஏறும். இக்குளிரை எதிர்கொள்ள நம் மலைநாட்டு மக்கள் தம் இல்லங்களை எவ்வாறு ஆயத்தஞ் செய்தனர் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

குளிருக்குத் தீ மூட்டுவது தமிழருக்குப் புதியதன்று. நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடையிலே, மழையில் நனைந்த கோவலர் கையில் கொள்ளி ஏந்தி நடுங்குகின்றனர். நகரத்து மாடங்களிலோ வாயகன்ற தடவு என்னும் கணப்புச் சட்டியில் நெருப்பு ஒளிர்கின்றது. குளிர் ஒன்றே, ஆனால் அதைத் தணிக்கும் தீ ஆளுக்கு ஆள் வேறு. இவ்வேற்றுமையை நம் தோட்டங்களிலும் காணலாம்.

ஊவாவில் முதலில் விளைந்த பெரும்பயிர் கோப்பி. 1869 இல் மடுல்சீமைப் பகுதியில் தென்பட்ட இலைநோய் அப்பயிரை அழித்தது; அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலையோடு தொழிற்சாலையும், குன்றின் மேல் துரையின் பங்களாவும், சரிவிலே தொழிலாளரின் லயங்களும் வளர்ந்தன. இம்மூன்று கட்டடங்களிலும் தீ எரிந்தது.

பங்களாவின் தீயை முதலில் நோக்குவோம். மண்டபத்துச் சுவரில் கல்லாலோ செங்கல்லாலோ அமைந்த கணப்பு. அதன் மேல் கூரையைத் துளைத்து நிற்கும் புகைபோக்கி. குளிர்காலம் நெருங்குமுன் புகைபோக்கியின் உட்புறத்திலே படிந்த கரியைத் துடைத்து இறக்குவர். பறவைக் கூடு அடைத்திருந்தால் அகற்றுவர். விறகைப் பிளந்து கூரையின் கீழ் உலர அடுக்குவர். ஈரவிறகு வெப்பம் குறைவாகவும் புகை மிகுதியாகவும் தரும். ஆதலின் இவ்வேலைகள் முன்கூட்டியே நிகழ்ந்தன. அவற்றைச் செய்தவர் துரையல்லர். லயத்திலிருந்து சென்ற நம்மவரே.

தொழிற்சாலையின் தீயோ இன்னும் கவனமாகப் பேணப்பட்டது. தேயிலை எந்த வாடையையும் எளிதில் பற்றிக்கொள்ளும். புகைபட்டால் அதன் விலை வீழ்ந்துவிடும். அசாமில் தோட்டத் தொழில் பயின்ற சாமுவேல் டேவிட்சன் என்பார், சூடான காற்றினால் கொழுந்தை உலர்த்தும் பொறியை உருவாக்கி, 1881 இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரில் 'சிறொக்கோ' ஆலையை நிறுவினார். அடுப்பிலே விறகு எரியும்; புகை தனி வழியே வெளியேறும்; தூய வெங்காற்று மாத்திரமே இலையைத் தொடும். கொழுந்து புகையினின்று காக்கப்பட்டது.

இனி லயத்துக்கு வருவோம். பழைய லயக் காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. இரு வரிசைக் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் இரட்டை லயத்தில் பின் சன்னலுக்கு இடமே இல்லை. தகரக் கூரை இரவில் விரைந்து குளிரும். அங்கே சமையலுக்கும் கணப்புக்கும் ஒரே அடுப்புத்தான். புகைக்கு வழி வாசற்கதவு. குளிருக்கு அஞ்சிக் கதவைச் சாத்தினால் புகை உள்ளே தங்கும். புகைக்கு அஞ்சித் திறந்தால் குளிர் உள்ளே புகும். இந்த இக்கட்டிலேதான் பல தலைமுறைகளின் மார்கழி இரவுகள் கழிந்தன.

ஆயினும் ஆயத்தம் இங்கும் உண்டு. கவ்வாத்து வெட்டியபின் கிடக்கும் மிலாறுகளைக் கட்டிச் சுமந்து வந்து, மழை பிடிக்குமுன் இஸ்தோப்பிலும் அடுப்பின் மேலுள்ள பரணிலும் பெண்கள் அடுக்குவர். என் பாட்டியார் இரவு சமையல் முடிந்ததும் தணலைச் சாம்பலால் மூடிவைப்பார். விடியற்காலையில் ஊதினால் மீண்டும் கனலும். பிரட்டுக்குப் புறப்படுமுன் ஒரு வாய் சாயத்தண்ணீர் அதில் கொதிக்கும். அவ்வடுப்பைச் சுற்றிக் கம்பளியைப் போர்த்தபடி நாங்கள் கதை கேட்டோம். பாட்டியாரின் இருமலையும் அங்கேயே கேட்டோம். அதைக் குளிரின் குற்றமென்று எண்ணியிருந்தோம். புகையின் குற்றமென்று எவரும் எமக்குச் சொல்லவில்லை. வீட்டுக்குள் தங்கும் புகை பெண்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் நுரையீரல் நோய்களை விளைவிக்கின்றது என்பதை உலக சுகாதார தாபனம் இன்று தெளிவாக எடுத்துரைக்கின்றது.

1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடைமையும் நிருவாகமும் கைமாறின. பல லயங்களின் அடுப்படி மாறவில்லை. 1980களில் பரவத் தொடங்கிய 'அனகி' மண் அடுப்பு விறகைச் சிக்கனப்படுத்தியது உண்மை. ஆனால் அதற்கும் புகைபோக்கி இல்லை.

புகைபோக்கி ஒன்றும் அரிய கருவியன்று. சூடான புகை இலேசானது. மேலே செல்ல வழி விட்டால் தானே செல்லும். அவ்வழியை அமைக்கும் கல்வேலையும் நம்மவர் கைக்குப் பழக்கமானதே. கொழுந்துக்கும் துரைக்கும் அமைத்த அவ்வழி, கொழுந்தைப் பறித்தவளின் வீட்டுக்கு மாத்திரம் தேவையெனக் கருதப்படவில்லை. மலையகத்திலே புதிய வீடுகள் எழும் இந்நாளில், வரைபடத்தில் அடுப்படியைக் குறிப்பவர்கள் அதற்கு மேல் ஒரு புகைபோக்கியையும் குறிக்க வேண்டும்.

தை மாதத்தில் பாடசாலை தொடங்கியதும் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்துகிறேன். அவற்றைத் திறந்ததும் புகைமணம் எழும். எந்தப் பிள்ளை அடுப்பருகே அமர்ந்து எழுதியது என்பதை அதனாலேயே அறிந்துகொள்வேன். அந்த மணம் வீசாத கொப்பிகளைத் திருத்திவிட்டு ஓய்வுபெற வேண்டுமென்பது என் ஆசை.