மலேரியாவும் மாந்தர் குருதியும்

மன்னர் பெயர்கள் ஏடுகளிலும் கல்வெட்டுகளிலும் நிலைபெற்றுள்ளன. நெடுங்காலம் நீடித்த நோய்களோ தம் சுவட்டை மக்களின் குருதியிலேயே பதித்துள்ளன. அத்தகைய நோய்களுள் தலையாயது மலேரியாச் சுரம்.

1934ஆம் ஆண்டிலே இலங்கையில் பருவமழை பொய்த்தது. தென்மேற்குப் பகுதியின் ஆறுகள் வற்றிக் குட்டைகளாக, அவற்றில் நுளம்பு பெருகிற்று. அடுத்த ஆண்டுவரை நீடித்த சுரத்துக்கு ஏறத்தாழ 80,000 பேர் இரையாயினர். கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் பேரிடருற்றன. வறண்ட வலயத்தில் அடிக்கடி சுரங்கண்டோர் ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். ஈரவலயத்தாருக்கு அஃது இல்லை. இவ்வாற்றல் வாழ்நாளில் ஈட்டப்படுவது, மரபுவழி இறங்குவதன்று. பிறப்பிலேயே வாய்க்கும் காப்பும் உண்டென்பது பின்னரே தெளிவாயிற்று.

மத்தியதரைக்கடல் நாடுகளில் மலேரியா மலிந்த நிலங்களிலே, தலசீமியா என்னும் பரம்பரைச் சோகை நோயும் மிகுந்திருந்தது. அதன் பரம்பரை அலகைப் பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் மலேரியாவை எதிர்த்து நிற்கக்கூடுமென, 1948இல் ஸ்ரொக்ஹோம் மாநாட்டில் ஹால்டேன் என்னும் அறிஞர் கருத்துரைத்தார். இவரே பின்னர் இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவர். அரிவாள் வடிவில் செங்குருதிக் கலங்களை வளைக்கும் மற்றொரு பரம்பரை அலகை, 1952இல் லேமன், கட்புஷ் என்போர் நீலகிரி மலைவாழ் மக்களிடைக் கண்டறிந்தனர். அவ்வலகு மலேரியாவைத் தடுத்துக் காப்பதை 1954இல் அலிசன் கிழக்காபிரிக்க ஆய்வுகளால் எடுத்துக்காட்டினார்.

இத்தகைய அலகொன்றை மட்டும் உடையோரின் உடலிலும் ஒட்டுண்ணி புகும். ஆயின் அது தடையின்றிப் பெருகமாட்டாமையால் சுரம் கடுமையடைவது அரிது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் அதனைப் பெற்ற குழந்தையோ கொடிய சோகைக்கு ஆளாகின்றது. ஒருவனுக்குக் கேடயமாவதே அவன் உடன்பிறந்தானுக்கு வாளாகின்றது. எனினும், சுரத்துக்குத் தப்பியோர் பலராதலின், அவ்வலகு பல நூறு தலைமுறையாக நிலைத்தது.

1963இல் இலங்கை முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே காணப்பட்டனர். காவல் தளரவே, 1967 முதல் சுரம் மீண்டும் பெருகிற்று. இடைவிடா முயற்சியின் பயனாக, 2016 செப்டெம்பர் 5ஆந் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. பகை நீங்கியது, கேடயத்தின் பாரம் நீங்கவில்லை. இன்றும் இந்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய இருவர் தலசீமியா அலகைத் தாங்குகின்றனர். அன்று சுரத்தால் வாடிய குருநாகலிலேயே, இன்று வாழ்நாளெல்லாம் குருதியேற்றம் வேண்டும் பிள்ளைகளுக்கான பெரிய சிகிச்சை நிலையம் அமைந்துள்ளது.

மச்சான் மச்சாள் முறையில் மணங்கொள்ளும் வழக்கு யாழ்ப்பாணத்தாரிடை நெடுங்காலமாக உண்டு. ஒரே குடியில் இவ்வலகு இருப்பின், அது மணமக்கள் இருவரிடமும் அமைதல் எளிது. அவ்வாறு அமைந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோயுறும் வாய்ப்பு நான்கில் ஒன்றாகும். பருத்தித்துறையாயினும் குருநாகலாயினும், சாதகப் பொருத்தம் பார்க்கும் பெற்றோர் மணத்துக்கு முன் குருதியையும் சோதித்தறிவராயின், முன்னோர்க்கு அரணாயிருந்தது வழித்தோன்றல்களுக்குத் துயராகாது.